ஆணழகனின் பசி

ராயபுரத்துப் பெரியவர்களில் சிலருக்கு ஸ்டான்லி மருத்துவமனை இன்னமும் ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’தான். ஹைதர் அலியின் போர் ஊர்ப்புறத்தைப் பாழாக்கிய நேரம், 1782 பஞ்சம். பட்டினியோடு சென்னைக்குள் வந்து சேர்ந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றத் தொடங்கியது மணியக்காரர் சத்திரம். சத்திரத்தை ஒட்டி வைத்தியசாலை வந்தது. 1938இல் அது மருத்துவக் கல்லூரியாகவும் ஆனது. பசி என்றால் கஞ்சி ஊற்று என்பதற்கு மேல் யோசிக்க அன்றைக்கு யாருக்கும் நேரம் இருந்திருக்காது. எதிரே சோறு இருக்கிறது, வயிற்றில் பசியும் இருக்கிறது, ஆனாலும் தொடமாட்டேன் என்கிற ஆள் அந்தத் தொட்டி முன்னால் வந்து நின்றிருந்தால், அவனைக் கோயிலுக்குக் கூட்டிப்போய் மந்திரிக்கச் சொல்லியிருப்பார்கள்.

அப்படிப்பட்ட ஆட்கள் அதே பேட்டைகளில் இன்று இருக்கிறார்கள். ஆண்களும் இருக்கிறார்கள். அவர்களை யாரும் நோயாளி என்று சொல்வதில்லை, ‘பையன் கட்டுப்பாடா இருக்கான்’ என்கிறார்கள்.

தண்டையார்பேட்டையில் ஒரு பையன் என்று வைத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம், பலரைச் சேர்த்து நான் உருட்டிய பையன் இவன். வயது 17, பிளஸ் டூ. ஒன்பதாவது படிக்கும்போது வகுப்பில் இவனுக்கு ‘ஓமக்குச்சி’ என்று பெயர். பத்தாவது லீவில் தெருமுனை ஜிம்மில் சேர்ந்தான். இப்போது காலையில் எட்டு முட்டை, வெள்ளை மட்டும். மஞ்சள் எல்லாம் தம்பிக்கு. ஞாயிற்றுக்கிழமை அம்மா நெத்திலி வறுத்தால் இவனுக்கு எண்ணெய் இல்லாமல் வேகவைத்துத் தனியாக எடுத்துவைக்க வேண்டும். கோழியைச் சமையலறைத் தராசில் நிறுத்துத்தான் சாப்பிடுவான். அத்தை மகள் கல்யாணத்தில் பந்தியில் உட்காராமல், வெளியே நின்று டப்பாவைத் திறந்தான். பத்து நாள் இப்படிப் போகும். பதினோராம் நாள் ராத்திரி பீச் ஸ்டேஷன் பக்கம் போய் பர்மா நூடுல்ஸான அத்தோ நாலு பிளேட், பிரியாணி, பிரெட் அல்வா என்று மூச்சுவிடாமல் உள்ளே தள்ளுவான். ருசி தெரிந்து சாப்பிடுகிற சாப்பாடு இல்லை அது. நிறுத்த முடியாமல் சாப்பிடுவது. மறுநாள் காலை ஒன்றும் சாப்பிடாமல் இரண்டு மணி நேரம் ஓடுவான். கண்ணாடியில் பார்த்தால் இன்னும் ஓமக்குச்சிதான் தெரிகிறான்.

அவன் அம்மாவுக்கு இதில் வருத்தம் இல்லை. பக்கத்துத் தெருப் பையன்கள் கஞ்சா, மாவா என்று திரியும்போது தன் பிள்ளை ஜிம்முக்குப் போகிறான் என்பது அவருக்குப் பெரிய நிம்மதி. அந்த நிம்மதியை நான் கேலி செய்யமாட்டேன். வடசென்னையில் மாநகராட்சி உடற்பயிற்சிக் கூடங்களும் குத்துச்சண்டைப் பயிற்சி இடங்களும் எத்தனையோ பிள்ளைகளை வேறு பாதைக்குப் போகாமல் காப்பாற்றியிருக்கின்றன. இந்த நோய் ஒளிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்பதுதான் சங்கடம்.

உண்ணல் கோளாறு என்றாலே ஒல்லியான பணக்கார வீட்டுப் பெண் ஒருத்திதான் நினைவுக்கு வருகிறாள். மருத்துவத்தின் தொடக்கம் அப்படி இல்லை. 1689இல் ரிச்சர்ட் மார்ட்டன் என்ற ஆங்கில மருத்துவர், வேறு நோய் ஏதும் இல்லாமல் உணவை ஒதுக்கி உருக்குலைந்துபோன இரண்டு பேரைப் பற்றி எழுதினார். ஒருத்தி இளம்பெண், இன்னொருவன் 16 வயதுப் பையன், ஒரு பாதிரியாரின் மகன். 1870களில் ‘அனோரெக்ஸியா நெர்வோசா’ என்ற பெயரைக் கொடுத்த வில்லியம் கல், ஆண்களிடமும் எப்போதாவது இதைக் கண்டதாகக் குறிப்பிட்டார். பிறகு வந்தவர்கள் அந்தப் பையன்களை மறந்துவிட்டார்கள். அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோயறிதல் கையேட்டில் 2013 வரை, பருவமெய்திய பெண்ணுக்கு அனோரெக்ஸியா என்று முடிவுசெய்ய மாதவிடாய் நின்றிருக்க வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. பெண்ணை மனத்தில் வைத்து எழுதிய இப்படியொரு பட்டியலோடு ஆண் நோயாளியைத் தேட யாருக்குத் தோன்றும்?

கேள்வித்தாள்களும் அதே கதைதான். உலகம் முழுக்கப் பயன்படும் 26 கேள்விகள் கொண்ட ஒரு பட்டியல் கனடாவில் பெண்களை வைத்து உருவானது. இன்னும் மெலிய வேண்டும் என்ற எண்ணம் ஓயாமல் வருகிறதா என்பது போன்ற கேள்விகள். நம் தண்டையார்பேட்டைப் பையன் உண்மையைச் சொல்வான்: இல்லை, நான் பெரிசாகணும். மதிப்பெண் குறையும், ஆரோக்கியமானவன் என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இவ்வளவு ஓட்டை இருந்தும் அமெரிக்காவில் 2007இல் வெளியான ஒரு பெரிய கணக்கெடுப்பில், வாழ்நாளில் என்றாவது அனோரெக்ஸியா வந்தவர்கள் பெண்களில் 0.9 சதவீதம், ஆண்களில் 0.3. வாரித் தின்று பிறகு வெளியேற்றும் புலிமியா 1.5க்கு 0.5. வெளியேற்றாமல் வாரித் தின்னும் கோளாறில் 3.5க்கு 2. அதாவது முதல் இரண்டிலும் நாலு பேரில் ஒருவர் ஆண்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பட்டினி மனிதனின் மனத்தை என்ன செய்கிறது என்று நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி ஆண்களிடமிருந்து வந்தது. இரண்டாம் உலகப் போரின் கடைசிக் கட்டத்தில், போருக்குப் போக மறுத்த 36 அமெரிக்க இளைஞர்கள் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்ஸல் கீஸ் என்ற விஞ்ஞானியிடம் தங்கள் உடலை ஒப்படைத்தார்கள். போரால் பட்டினி கிடக்கும் ஐரோப்பியர்களுக்கு எப்படி உணவு கொடுத்து மீட்பது என்று கண்டுபிடிப்பது நோக்கம். 1945இல் 24 வாரம் அரைப்பட்டினி: ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1,570 கலோரி. உடல் எடையில் கால்வாசி போனது. இந்த இளைஞர்களுக்கு அதற்கு முன்னால் சாப்பாட்டில் எந்தச் சிக்கலும் இருந்ததில்லை. சில வாரங்களில் அவர்கள் சமையல் புத்தகங்களைச் சேகரிக்க ஆரம்பித்தார்கள். தட்டை நக்கினார்கள். ஒரு வேளைச் சாப்பாட்டை நெடுநேரம் இழுத்து இழுத்துச் சாப்பிட்டார்கள். பெண்கள்மீது ஆசை போயிற்று, சிரிப்பு போயிற்று.  பட்டினி முடிந்து சாப்பாடு கிடைத்த பிறகும் அடங்கவில்லை. ஒருவர் கோடரியால் தன் விரல்களையே வெட்டிக்கொண்டார். சிலர் வயிறு வெடிக்கும் அளவுக்குத் தின்றுவிட்டு ‘இன்னும் பசிக்கிறது’ என்றார்கள்.

கோழியைத் தராசில் நிறுப்பதும், பதினோராம் நாள் அத்தோவும் பையனின் குணக்கேடு என்று நினைப்பவர்கள் மினசோட்டாவை நினைத்துக்கொள்ளலாம். பட்டினி கிடக்கிற எந்த மூளையும் சாப்பாட்டைத் தவிர வேறொன்றை நினைக்காது. கொழுப்புத் திசு சுருங்கச் சுருங்க லெப்டின் என்ற ஹார்மோன் குறைகிறது. பஞ்சம் வந்துவிட்டது என்று மூளையின் அடித்தளத்தில் உள்ள ஹைபோதலாமஸ் எடுத்துக்கொள்கிறது. இதயத் துடிப்பைக் குறை, உடல் சூட்டைக் குறை, பிள்ளை பெறும் வேலையை இப்போதைக்கு நிறுத்து என்று உத்தரவு போகிறது. பெண் உடலில் அந்தக் கடைசி உத்தரவு மாதவிடாய் நிற்பதாக வெளியே தெரியும், அம்மாவுக்கும் தெரியும். ஆண் உடலில் டெஸ்டோஸ்டிரோன் சத்தமில்லாமல் சரியும். காலையில் விறைப்பு வருவதில்லை என்று எந்தப் பையன் வீட்டில் போய்ச் சொல்வான்?

துடிப்பு குறைவதும் ஏமாற்றும். நிமிடத்துக்கு 45 என்றால் ‘ஸ்போர்ட்ஸ்மேன் ஹார்ட்’ என்று பாராட்டி அனுப்பிவிடுவார்கள்.

இனி ஆணழகன் மேடைக்கு வருவோம். 2013இல் வெளியான ஓர் ஆய்வில் அமெரிக்க ஆய்வாளர்கள், மருந்து எதுவும் எடுக்காத ஒரு பாடி பில்டரைப் போட்டிக்கு முந்தைய ஆறு மாதமும் போட்டிக்குப் பிந்தைய ஆறு மாதமும் கூடவே இருந்து அளந்தார்கள். போட்டி நெருங்க நெருங்க அவர் உணவைக் குறைத்துத் தோலுக்கடியில் உள்ள கொழுப்பைக் கரைத்தார். இதயத் துடிப்பு 53இலிருந்து 27க்கு இறங்கியது. ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் மில்லிலிட்டருக்கு 9.22 நானோகிராமிலிருந்து 2.27 ஆனது, கால்பங்குக்கும் கீழே. எண்ணெய் பூசிய உடம்பில் ஒவ்வொரு நரம்பும் தெரிய, கைதட்டலுக்கு நடுவில், ஆண்மையின் அடையாளமாக மேடையில் ஒருவர் நிற்கிறார். அந்த நேரத்தில் அவருக்குள் ஆண்மையே படுத்துவிட்டது. மினசோட்டாவில் கன்னம் ஒட்டி உட்கார்ந்திருந்தவர்களுக்கும் இவருக்கும் உள்ளே நடப்பது ஒன்றுதான். ஆனால் ஒருவரைப் பார்த்தால் பரிதாபம் வருகிறது, இன்னொருவருக்கு மாலை விழுகிறது. இந்த அத்தியாயத்தில் வேறெது மறந்தாலும் அந்த 27ஐ வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் ஆசை.

ஹார்வர்டைச் சேர்ந்த மனநல மருத்துவர் ஹாரிசன் போப் 1993இல் 108 பாடி பில்டர்களைப் பேட்டி கண்டு ஒரு கட்டுரை வெளியிட்டார். அவர்களில் ஒன்பது பேர் மலைபோல் இருந்துகொண்டு, தாங்கள் நோஞ்சானாக இருப்பதாக நம்பினார்கள். கடற்கரைக்குப் போகமாட்டார்கள், வெயிலில் கூடத் தொளதொள சட்டை. அந்த 108 பேரில் மூன்று பேருக்கு முன்பு அனோரெக்ஸியாவே இருந்திருக்கிறது. முதலில் இதைத் தலைகீழ் அனோரெக்ஸியா என்றவர்கள் 1997இல் ‘மசில் டிஸ்மார்ஃபியா’ என்று பெயர் மாற்றினார்கள். இன்றைய கையேட்டில் இது உண்ணல் கோளாறுகளின் அத்தியாயத்தில் இல்லை, உடல் தோற்றம் பற்றிய பிரமைகளோடு இருக்கிறது. அந்த இடம் சரியா என்று நிபுணர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஆறு வேளை நிறுத்துச் சாப்பிடுகிறவனின் நாளைப் பார்த்தால், எனக்கு அது சாப்பாட்டு நோயாகத்தான் தெரிகிறது.

ஏன் இங்கே, ஏன் இப்போது? 2008இல் ‘வாரணம் ஆயிரம்’ வந்தபோது சூர்யாவின் வயிற்றைப் பார்த்துத் தமிழ்நாடே சிக்ஸ் பேக் என்ற சொல்லைக் கற்றுக்கொண்டது. 2015இல் வந்த ‘ஐ’யில் விக்ரம் மெட்ராஸ் பாஷை பேசும் பாடி பில்டராக உடம்பை ஏற்றினார், அதே படத்துக்காக எலும்பு தெரிய இளைக்கவும் செய்தார். பத்திரிகைகள் இரண்டையும் அர்ப்பணிப்பு என்று கொண்டாடின. சினிமாவைத் திட்டி முடித்துக்கொள்வது சுலபம். எனக்கு வேறொன்று தோன்றுகிறது. இது என் ஊகம் மட்டுமே. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களின் தோளுக்குக் கூலி இருந்தது. அந்தத் தோளை யாரும் கண்ணாடியில் பார்க்கவில்லை. 1983இல் சென்னைத் துறைமுகத்தில் சரக்குப் பெட்டக முனையம் திறந்தது. பாரந்தூக்கிகள் பெட்டிகளைத் தூக்கத் தொடங்கிய பிறகு தோளின் கூலி போய்விட்டது. தாத்தாவுக்குச் சம்பளமாக வந்த சதை, பேரனுக்கு ரீல்ஸில் லைக்காக வருகிறது. அளவுகோல் கைமாறிவிட்டது. மூட்டைக்கு ஓர் எடை இருந்தது, தூக்கினால் வேலை முடிந்தது. லைக்குக்கு அப்படி எல்லை கிடையாது.

எல்லை இல்லாத இடத்தில்தான் ஊசி வருகிறது. ஷலேந்தர் பாசின் என்ற இந்திய வம்சாவளி மருத்துவர் 1996இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. 43 ஆண்கள், பத்து வாரம். உடற்பயிற்சி மட்டும் செய்தவர்களுக்குக் கொழுப்பில்லாத உடல் எடை ஏறக்குறைய 1.9 கிலோ கூடியது. ஒரு பயிற்சியும் செய்யாமல் வாரம் 600 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் ஊசி மட்டும் போட்டுக்கொண்டவர்களுக்கு 3.2 கிலோ. இரண்டும் சேர்ந்தால் 6.1. நேர்மையாக உழைக்கிற பையன், ஊசி போட்டு ஏற்றின உடம்பைப் போனில் பார்த்து, தன் உழைப்பில்தான் குறை என்று நினைக்கிறான். இன்னும் ஒரு மணி நேரம் கூட்டுகிறான், இன்னும் ஒரு ஸ்கூப் பவுடர் கலக்குகிறான். ஒரு நாளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராமைத் தாண்டிய புரதத்தால் தசை பெரிதாக ஒன்றும் கூடுவதில்லை என்பதை அவனுக்கு யாரும் சொல்வதில்லை.

ஊசிக்குப் பிறகு வருவதை வடசென்னை அறியும். 2023இல் ஆவடிப் பக்கம் ஓர் இளைஞர், 2025இல் திருவொற்றியூர்ப் பகுதியில் ஒரு ஜிம் பயிற்சியாளர் என்று சிறுநீரகம் செயலிழந்து இறந்தவர்களைப் பற்றிச் செய்திகள் வந்தன; ஸ்டீராய்டு ஊசியே காரணம் என்று அவை எழுதின. சிறுநீரகத்துக்கு என்ன ஆகிறது? நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தினர் 2010இல், நீண்டகாலம் ஸ்டீராய்டு எடுத்த பத்து பாடி பில்டர்களின் சிறுநீரகத் திசுவைப் பரிசோதித்தார்கள். ஒன்பது பேரிடம் ரத்தத்தை வடிகட்டும் நுண்குழாய் முடிச்சுகள் தழும்பேறிக் கிடந்தன. பெருத்த உடம்பின் கழிவைச் சுத்தம் செய்யும் பாரமும், அந்த முடிச்சுகளை மருந்து நேரடியாகத் தாக்குவதும் சேர்ந்திருக்கலாம் என்பது அவர்கள் விளக்கம். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்தால் விரைகள் தங்கள் வேலையை நிறுத்திச் சுருங்கும். மிச்சமானதில் ஒரு பகுதியை உடல் ஈஸ்ட்ரோஜனாக மாற்றிவிடும், மார்பு வளரும். ஊசியை நிறுத்தினால் சில மாதம் உடம்பில் எந்த ஹார்மோனும் சரியாக இருக்காது. அந்த நாட்களின் மனச்சோர்வு தாங்காமலே பலர் மறுபடி ஊசிக்குப் போகிறார்கள்.

குத்துச்சண்டையின் சங்கதி வேறு. சார்பட்டா, இடியாப்ப நாயக்கர் என்று பரம்பரை கட்டி ஆடிய ஊர் இது. 1980இல் முகமது அலியே நேரு ஸ்டேடியத்தில் கண்காட்சிச் சண்டை போட்டுவிட்டுப் போனார். இங்கே கண்ணாடி யாரையும் கெடுப்பதில்லை, தராசு கெடுக்கிறது. 53 கிலோ உள்ள பையனை 51இல் இறக்கினால் எதிராளி அவனைவிடச் சின்னவனாக இருப்பான் என்பது கோச்சின் கணக்கு. அந்த இரண்டு கிலோ எங்கிருந்து போகிறது? ஈரலிலும் தசையிலும் கிளைக்கோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பு அரைக்கிலோ அளவுக்கு இருக்கிறது. ஒவ்வொரு கிராமும் தன்னோடு ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கும். ஒன்றரை நாள் சோற்றை நிறுத்தினால் பாதி வேலை முடிந்துவிடும். மீதிக்கு ஜெர்கினை மாட்டிக்கொண்டு வெயிலில் ஓடுவது, தண்ணீரை நிறுத்துவது, எச்சில் துப்பிக்கொண்டே இருப்பது. மெட்ராஸ் புழுக்கத்தில் வியர்வை ஆவியாகாது, உடல் சூடு இறங்காது. ரத்தம் கெட்டிப்பட்டு, இதயம் திணறும்போது எடை மட்டும் அழகாக இறங்கிக்கொண்டிருக்கும்.

2024 ஆகஸ்டில் பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 கிராம் கூடியதற்காக மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகாட் வெளியேற்றப்பட்டபோது நாடே அழுதது. அதே வாரம் மல்யுத்த வீரர் அமன் செஹ்ராவத் பத்தே மணி நேரத்தில் 4.6 கிலோவைக் குறைத்து வெண்கலம் வாங்கியபோது நாடே கைதட்டியது. இரண்டு உடம்புகளும் பட்ட பாடு ஒன்றுதான். 1997 கடைசியில் அமெரிக்காவில் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் இப்படி எடை குறைக்கும்போது சில வாரங்களுக்குள் அடுத்தடுத்து இறந்தார்கள். அதன் பிறகுதான் கல்லூரி விளையாட்டுச் சங்கம் ரப்பர் உடையையும் நீராவி அறையையும் தடைசெய்து, எடை பார்க்கும் நேரத்தைப் போட்டிக்கு மிக அருகில் கொண்டுவந்தது. நேரம் குறைந்தால் இழந்த தண்ணீரை மீட்க முடியாது. எடையைக் குறைப்பதில் லாபம் இல்லாமல் போகும். பையன்களுக்குப் புத்தி சொல்வதைவிட இந்த மாதிரி விதி ஒன்று நன்றாக வேலை செய்கிறது.

எடை பார்த்த அடுத்த நிமிடம் நடப்பதையும் கவனிக்க வேண்டும். வாழைப்பழம், பிரெட், பிரியாணி என்று கண்மண் தெரியாமல் தின்பார்கள். தின்னச் சொல்லியே கொடுப்பார்கள். போட்டிக்குப் போட்டி பட்டினியும் வாரித் தின்பதும் மாறி மாறிப் பழகிய உடம்பு, போட்டியை விட்ட பிறகும் அந்தத் தாளத்தை விடுவதில்லை. பலருக்குத் தானாக அடங்கிவிடும். சிலருக்கு அது புலிமியாவாக நிலைத்துவிடுகிறது. வாயில் விரலைவிட்டு வாந்தி எடுக்காமல் ஓடி ஓடி வெளியேற்றினாலும் அது புலிமியாதான்.

‘சோத்துக்கே வழியில்லாத இடத்தில் இது என்ன புது வியாதி’ என்று கேட்பவர்கள் உண்டு. டெக்ஸாஸின் சான் அன்டோனியோவில் இலவச உணவு வாங்க வரிசையில் நிற்பவர்களிடம் நடத்திய ஆய்வு 2017இல் வெளியானது. வீட்டில் சாப்பாட்டுப் பற்றாக்குறை கூடக் கூட, வாரித் தின்னும் கோளாறின் அறிகுறிகளும் கூடின. மாதக் கடைசியில் பட்டினி, சம்பளத்தன்று வயிறு முட்ட என்ற சுழற்சி மினசோட்டாவின் சுழற்சியேதான். எண்ணூரில் காண்டிராக்ட் கூலியை வாரக் கடைசியில் வாங்குகிற வீடுகளில் இதைத் தேடினால் கிடைக்காதா? நம் ஊரிலேயே 1998இல் டி.என். ஸ்ரீநிவாசன் குழுவினர் 210 மருத்துவ மாணவர்களை ஆராய்ந்து, 31 பேர் சாப்பாடு, எடை பற்றிய தவிப்பில் இருப்பதைக் கண்டார்கள். மேலைநாட்டு இலக்கணத்தில் எந்தக் கட்டத்துக்குள்ளும் அவர்கள் முழுதாகப் பொருந்தவில்லை. அப்படிப் பொருந்தாதவர்களுக்கென்று தனிப் பெயர் வைத்து, நம் ஊருக்குத் தோதான கேள்விப் பட்டியல் ஒன்றையும் அந்தக் குழு உருவாக்கியது. அது மருத்துவம் படிக்கிற பிள்ளைகளிடம் தொடங்கியது. ஐடிஐ படிக்கிறவன் இன்னும் வரிசையில் நிற்கிறான்.

வீட்டில் பார்க்கக்கூடிய அறிகுறிகள் சில. எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடுவதைத் தவிர்ப்பது. ஒரு நாள் ஜிம் போகாவிட்டால் எரிந்து விழுவது. சாப்பிட்டவுடன் குளியலறை. கன்னத்தின் பின்பக்கம் வீக்கம், விரல் முட்டியில் தழும்பு, பல்லின் பூச்சு அரிப்பு: இவை வாந்தி எடுப்பவர்களுக்கு. எழுந்து நின்றால் தலைசுற்றல், உச்சி வெயிலிலும் குளிர். இதைப் பார்த்துவிட்டு அன்றைக்கே தட்டு நிறையச் சோறு போட்டு ஊட்டிவிடக் கூடாது. பல வாரம் பட்டினி கிடந்த உடம்பில் திடீரென மாவுச்சத்து இறங்கினால் ரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து இதயம் நின்றுபோகலாம். போர்க் கைதிகள் பலர் விடுதலைக்குப் பிறகு சாப்பிட்டே இறந்தது இப்படித்தான். ரத்தப் பரிசோதனையோடு, மருத்துவர் மேற்பார்வையில், படிப்படியாகத்தான் கூட்டவேண்டும். எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416இல் கேட்கலாம். ஸ்டான்லியில் மனநலப் பிரிவு இருக்கிறது, கீழ்ப்பாக்கத்தில் மனநலக் காப்பகம் இருக்கிறது.

வளரிளம் பருவத்து அனோரெக்ஸியாவுக்கு அதிக ஆதாரம் உள்ள சிகிச்சை லண்டனின் மாட்ஸ்லி மருத்துவமனையில் பிறந்தது. மாத்திரை இல்லை, யார்மேலும் பழி போடுவது இல்லை. ஒவ்வொரு வேளையும் பெற்றோர் எதிரே உட்கார்ந்து, பிள்ளை சாப்பிட்டு முடிக்கும்வரை எழாமல், பல மாதம் சாப்பாட்டின் பொறுப்பைத் தாங்களே எடுத்துக்கொள்ள வேண்டும். காசிமேட்டில் விசைப்படகில் போன அப்பா வாரக்கணக்கில் கடலில் இருப்பார். அம்மா விடியற்காலையில் ஏலத்துக்கு மீன் கூடையோடு போய்விடுவார். மூன்று வேளையும் அந்த வீட்டில் இருப்பது ஆயா மட்டும்தான். பேரனுக்கு எதிரே தட்டை வைத்து அரைமணி நேரம் உட்காரும் பொறுமையும் அவருக்குத்தான் இருக்கிறது. சிகிச்சைக் கையேட்டை அந்த ஆயாவுக்குப் புரிகிற தமிழில், அவர் வீட்டுக் கஞ்சியையும் மீனையும் வைத்து யாராவது எழுதவேண்டும். எட்டு முட்டையின் மஞ்சளை என்ன செய்வது என்பதிலிருந்தே அதைத் தொடங்கலாம்.